அரைக்கால் மேகம்

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, வானிலை அலுவலகத்தின் மூன்றாம் மாடியிலுள்ள மேகப் பிரிவுக்குத் தீவு நிலையத்திலிருந்து வழக்கமான செய்தி வந்தது. "நேரம் 14.30. மேகம் எட்டில் ஒன்று. காற்று தென்கிழக்கு, மெல்லியது. மழை இல்லை." அதே இரண்டரை மணிக்குச் செயற்கைக்கோள் எடுத்த படத்தின் கணக்கில் அந்தத் தீவின் மேலும் சுற்றிலும் மேகமே இல்லை. பிரிவின் பகுப்பாய்வு அலுவலரான அம்மையார், தீவுக்காரர் சொன்ன 'ஒன்று' என்ற எண்ணைப் பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அருகில் சுழியம் எழுதினார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது ஆண்டு, பதினோரு மாதம். பணி ஓய்வுக்குப் பதினேழு நாள் இருந்தது.

மேகத்தை அளக்கும் முறை எளியது. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் சுழியம். முழுதும் மூடிக் கிடந்தால் எட்டு. எட்டில் ஒன்றை அம்மையார் 'அரைக்கால்' என்றே சொல்வார். ஒரு சொல் இருக்கும்போது இரண்டு சொல்லைச் செலவழிப்பானேன் என்பது அவர் கட்சி. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'அரைக்கால் மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; அவருக்குத் தெரியாமலும் இல்லை.

செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கும். தீவுக்காரர் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பார். காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, பிற்பகல் இரண்டரைக்கு ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் செயற்கைக்கோள் சொன்னதே அட்டவணையில் ஏறும்; தீவுக்காரர் சொன்னதற்குச் சிவப்பு வட்டம் விழும். மாத முடிவில் தீவுக்காரர் கைப்பட எழுதிய தாள் சரக்குப் படகில் வரும்; வட்டமிட்ட நகல் அதே வழியில் தீவுக்குத் திரும்பும். 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறவில்லை. இவ்வளவு காலத்தில் அம்மையார் தீவுக்காரரை நேரில் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. கடலுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் நீள மணல்திட்டில் அந்த மனிதர் தனியாக இருக்கிறார் என்பதும், அவர் எழுதும் 'ஏழு' சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும் என்பதும் மட்டுமே தெரியும்.

அன்று நான்கு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க மேடம். உங்க மேக அட்டவணை அச்சுக்குப் போகுது. முதல் பக்கத்துல உங்க பேர். ஒன்பது வருஷ உழைப்பு!"

"ஒன்பது வருஷம் இன்னும் ஆகலை சார். பதினேழு நாள் குறையுது."

"உங்ககிட்ட வாயைக் குடுத்துட்டு மீள முடியுமா?" என்று இயக்குநர் சிரித்தார். பிறகு மேசையிலிருந்த கோப்பைத் திருப்பி வைத்தார். "இன்னொரு விஷயம். அந்தத் தீவு நிலையத்தை மூடிடலாம்னு மேலிடத்துல நினைக்கிறாங்க. ஒத்தை மனுஷனுக்காக ஒரு படகு, ஒரு கொட்டகை, இத்தனை கருவி. அதான் மேலேருந்து செயற்கைக்கோள் பாக்குதே! காலையில எவ்வளவு ஒத்துப்போகுது, மத்தியானம் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு நீங்க ஒரு அறிக்கை குடுத்தா போதும். ரெண்டுல ஒண்ணு எழுபது சதவீதத்துக்குக் கீழ இருந்தாலும் மூடலாம்னு விதி இருக்கு. இருபத்தி நாலாம் தேதி கூட்டம்."

"அந்த ஆளு?"

"கரைக்குக் கூட்டிட்டு வந்து ஸ்டோர்ல போடுவோம். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கே அவருக்கு."

அம்மையார் கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கேட்ட கேள்விக்கு நேரான விடை அவருடைய பதிவேட்டில் இருந்தது. எண்ணிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் குடியிருந்தது அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, நாலாவது மாடியில், இரண்டு அறை. மேசைக்கு இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் மடித்த துணி உட்கார்ந்திருக்கும். துணியை எடுத்து வைத்துவிட்டு உட்காரச் சொல்லும்படி யாரும் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அலுவலகத்திலும் மதியம் ஒன்றேகாலுக்குத் தன் மேசையிலேயே டப்பாவைத் திறப்பார். தொடக்கத்தில் மற்றவர்கள் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். சோற்றில் கைவைத்த நேரத்திலும் பேச்சில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று கேட்டால் யார்தான் மறுபடி கூப்பிடுவார்கள்? கூப்பிடுவது நின்றது. நின்றதை அவர் குறையாகச் சொன்னதில்லை. காலையிலும் இரண்டு நாற்பதுக்கும் தீவுச் செய்தி வரும். ஒரு நாளில் அவரை நாடி, அவருக்கென்று வருவது அது ஒன்றுதான். அதையும் அவர் வட்டம் போட்டு வைத்தார்.

புதனும் வியாழனும் எண்ணுவதில் கழிந்தன. காலைப் பதிவுகள் மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் ஒத்துப்போகாதவை நாற்பத்தொன்றே. பிற்பகல் பதிவுகளில் சிவப்பு வட்டம் விழுந்தவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. அதாவது நூற்றுக்கு நாற்பத்திரண்டு நாள்தான் தீவுக்காரர் பிற்பகலில் சரியாகச் சொல்லியிருக்கிறார். விதிப்படி நிலையத்தை மூடலாம். அறிக்கை ஒரே பக்கத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அம்மையாரின் பேனா ஓடவில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர் தவறுகளைத் திருத்தியே பழகியவருக்குத் தவறின் குணம் தெரியும். தவறு தாறுமாறாக இருக்கும். கவனமில்லாதவன் காலையிலும் தவறுவான், மாலையிலும் தவறுவான். இன்று ஒன்றைக் கூட்டுவான், நாளை இரண்டைக் குறைப்பான். இந்த மனிதரோ காலையில் கத்தி முனைபோல் இருக்கிறார். பிற்பகலில் மட்டும் தவறுகிறார். தவறினால் கூட்டியே சொல்கிறார், ஒருநாளும் குறைத்ததில்லை. கூட்டுவதும் அரைக்கால்தான், எப்போதாவது கால். அதிலும் பலத்த காற்று என்று எழுதிய நாள்களில் தவறவே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு தவறுகளும் பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசை கலையாமல் நின்றன. தவறுக்கு இவ்வளவு ஒழுக்கம் எங்கிருந்து வந்தது?

வெள்ளிக்கிழமை காலை அவர் இரண்டாம் மாடிக்கு இறங்கிக் கணினிப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்தவர் நாற்பது வயதுக்காரர். ஆள் வாட்டசாட்டம், பேச்சு அதைவிட வாட்டசாட்டம்.

"மேடமே நேர்ல வந்திருக்கீங்க! இன்னிக்கு மழை கொட்டப்போகுது."

"கொட்டாது. நூத்துக்கு அஞ்சுதான் வாய்ப்பு. அந்தத் தீவோட பிற்பகல் படத்தை எடுங்க. நிலத்திரை இல்லாம நான் பாக்கணும்."

நிலத்திரை என்பது இது. 2008இல் புதிய செயற்கைக்கோள் வந்தபோது, தீவின் வெள்ளை மணலைக் கணினி மேகமென்று எண்ணிக்கொண்டது. படத்தில் முழுத் தீவும் நான்கே நான்கு வெள்ளைப் புள்ளிகள். மணல் எது, மேகம் எது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு விதி தேவைப்பட்டது. ஒரே மணிக்கு எடுத்த படங்களில் பத்து நாள் தொடர்ந்து ஒரே இடத்தில் வெள்ளையாக இருப்பது மேகம் அன்று, நிலம். அப்படிப்பட்ட புள்ளிகள்மேல் திரையைப் போட்டுவிட்டு, மற்றதை மட்டும் எண்ணு. இதுதான் விதி. அப்போதைய இயக்குநர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்.

கணினிக்காரர் விசைகளைத் தட்டினார். "நகராததெல்லாம் நிலமாம்! எவன் மேடம் இந்த விதியை எழுதினது? இதை நம்பினா நம்ம ஸ்டோர் கீப்பரைக்கூட நிலம்னு எழுதிடுமே!" என்று சொல்லிக்கொண்டே படத்தின் அடியில் விதியை எழுதியவர் பெயரிருந்த வரியைப் படித்தார். "ஐயையோ. நீங்களா?"

"நான்தான். படத்தைக் காட்டுங்க."

திரை விலகியது. காலைப் படத்தில் தீவு நான்கு புள்ளி நீள வெள்ளைக் கீற்றாக இருந்தது. பிற்பகல் படத்தில் கீற்றின் வடக்குப் பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் அதைவிட அகலமாக வேறொரு வெள்ளை.

"மணல் வெயில்ல பளிச்சுன்னு அடிக்குதோ என்னமோ," என்றார் கணினிக்காரர், ஆறுதலாக.

"வெப்பப் படத்தை எடுங்க. மத்தியானம் ரெண்டரைக்கு மணல் கடலைவிடச் சூடா இருக்கணும்."

வெப்பப் படம் வந்தது. தீவின் தெற்குப் பாதி கடலைவிடச் சூடாக இருந்தது. வடக்குப் பாதி கடலைவிடக் குளிர்ந்திருந்தது. உச்சி சாய்ந்த வெயிலில் குளிர்ந்துபோகும் மணல் உலகத்தில் எங்கும் இல்லை.

"முந்தின நாள்," என்றார் அம்மையார். "அதுக்கு முந்தின நாள்." அப்படியே நாற்பது நாள் பார்த்தார்கள். கணினிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டதை அவர் கவனிக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். காற்றடித்த நாள்களைத் தவிர மற்ற நாளெல்லாம் அது வந்திருந்தது. நண்பகலில் மணல் கொதிக்க, அதன்மேல் காற்று எழும்பி, எழும்பிய காற்று மேகமாகி, எங்கும் போகாமல் அதே இடத்தில் நின்று, மாலையில் கரைந்திருந்தது. தீவுகள் தமக்கென்று மேகம் செய்துகொள்ளும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. இத்தனை சிறிய தீவு செய்யாது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். நாள்தோறும் அதே மணிக்கு அதே இடத்துக்கு வந்த குற்றத்துக்காக, ஒரு மேகத்தை நிலமென்று எழுதிவிட்டார்.

கணினிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. விதியை இன்னிக்கே மாத்திடறேன். பழசைக் கிளற வேண்டாம். ரெண்டு வாரத்துல கௌரவமா வீட்டுக்குப் போறீங்க. யாரு பாக்கப்போறா?"

"பாக்கறதுக்குத்தான் நமக்கெல்லாம் வேலை குடுத்திருக்கு," என்றார் அம்மையார். "நாற்பது நாள் படத்தையும் அச்செடுத்துக் குடுங்க."

தன் இடத்துக்கு வந்ததும் பழைய கடிதக் கோப்பைத் தேடி எடுத்தார். ஏதோ ஒன்று மங்கலாக நினைவில் உறுத்தியது. 2008 ஜூன் மாதத் தாளில் அது இருந்தது. குறிப்பு எழுதும் கட்டத்தில், பின்னால் சாய்ந்த கையெழுத்தில், தீவுக்காரர் ஒரே ஒருமுறை எழுதியிருந்தார்: "மேகம் தீவின் மேல் நிற்கிறது. நகரவில்லை. நாள்தோறும் வருகிறது." அதன் கீழே சிவப்பில் அம்மையாரின் பதில்: "நகராத மேகம் என்று ஒன்று இல்லை. கண்ணைச் சோதித்துக்கொள்ளவும்." எழுத்துப் பிழை இல்லாத, கச்சிதமான இரண்டு வாக்கியங்கள்.

அடுத்த பக்கத்தில் ஒரு சீட்டு ஊசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தது. கண் மருத்துவமனைச் சீட்டு. இரண்டு கண்ணிலும் பார்வை குறையில்லை என்று மருத்துவர் எழுதியிருந்தார். அந்த மனிதர் தன் இடத்தில் ஒரு மாற்றாளை வைத்துவிட்டு, இரண்டு நாள் படகில் வந்து, கண்ணைக் காட்டி, சீட்டை வாங்கி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் படகில் திரும்பிப் போயிருக்கிறார். சீட்டின் மூலையில் 'பெறப்பட்டது' என்ற முத்திரை. கீழே அம்மையாரின் கையொப்பம். படித்ததாக அவருக்கு நினைவே இல்லை. அதற்குப் பிறகு வந்த எந்தத் தாளிலும் குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல் இல்லை. எண் மட்டுமே இருந்தது, ஒவ்வொரு நாளும்.

ஞாயிறு காலை தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை, பத்து மணிக்கு. அதுவும் ஓர் ஒழுங்கு.

"என்னக்கா, குரலே ஒரு மாதிரி இருக்கு? மாடி அறைக்கு வெள்ளையடிச்சாச்சு. ஒண்ணாந்தேதி இங்கயே தங்க வந்துடுவேல்ல?"

அம்மையார் நடந்ததைச் சொன்னார். தங்கைக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

"ஒரு துண்டு மேகத்துக்கா இவ்வளவு பாடு? இருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும், இல்லன்னா போகட்டும்! கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா ஆக்காதக்கா. புஸ்தகத்துல உன் பேர் வரப்போகுதுன்னு மாப்பிள்ளை வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"பேர் வரும். எந்தப் பக்கத்துல வரும்கிறதுதான் கேள்வி."

"சின்ன வயசுல என் வீட்டுப் பாடத்தை அடிச்சுத் திருத்தி என்னை அழ வச்ச. இப்ப உன்னையே அடிச்சுத் திருத்திக்கிறியா?"

"அன்னிக்கு நீ எழுதினது தப்பு."

"ஆமா, தப்புதான். ஆனா அதுக்கப்புறம் உன்கிட்ட நோட்டைக் காட்டவே இல்லையே நான், கவனிச்சியா?" தங்கை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு மருமகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அம்மையார் அதற்கெல்லாம் உம் கொட்டினார். தொலைபேசியை வைத்த பிறகு, எதிர் நாற்காலியிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினார். வெற்று நாற்காலி துணியோடு இருந்ததைவிட மோசமாக இருந்தது. துணியை மறுபடி அதிலேயே வைத்தார்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, இயக்குநரிடம் அனுமதி பெற்று, தீவு நிலையத்தின் தொலைபேசிக்குப் பேசினார். குரல் செயற்கைக்கோள் வழியே மேலே ஏறி இறங்குவதால் ஒவ்வொரு சொல்லும் சற்றுத் தாமதித்தே வந்தது.

"மேகப் பிரிவுலேருந்து பேசறேன்."

"யாரு? அரைக்கால் மேடமா?" என்றது குரல். உடனே பதறியது. "மன்னிச்சுக்கணும். படகுக்காரர் அப்படித்தான் சொல்லுவார், எனக்கும் அதுவே வாயில வந்துடுச்சு."

"அதே ஆள்தான். இப்ப உங்க தீவு மேல மேகம் இருக்கா?"

"இருக்கே. வடக்கு முனையில. ஒரு மணிக்கு வந்துச்சு, நாலரைக்குக் கரைஞ்சிடும். நேத்து மாதிரியேதான்."

"நகருதா?"

"அது நகராது மேடம். பெருங்காத்து அடிச்சா வராது. வந்துட்டா நிக்கும். அது வந்தப்புறம்தான் நான் அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடறது. இங்க அது ஒண்ணுதான் நெழலு."

அம்மையார் காகிதத்தில் எழுதி வைத்திருந்த வாக்கியத்தைப் படித்தார். "2008லேருந்து பிற்பகல்ல நீங்க எழுதினதெல்லாம் சரி. நான் திருத்தினதுதான் தப்பு."

சொல் மேலே ஏறி இறங்கிப் பதில் வந்தது.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் ஏன் மறுத்து எழுதல?"

"எழுதினேனே. கண்ணைக் காட்டச் சொன்னீங்க. காட்டினேன். சீட்டும் அனுப்பினேன். அதுக்கு மேல மனுஷன் என்ன செய்வான்? வானத்துல என்ன இருக்கோ அதை எழுதறது என் வேலை. வட்டம் போடறது உங்க வேலை." அவர் சிரித்தார். "நல்லாத்தான் போடறீங்க. காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி."

"கோபம் வரலையா?"

"மொத வருஷம் வந்துச்சு. தாளைக் கசக்கிக் கடல்லகூடப் போட்டிருக்கேன் ஒரு தரம். அப்புறம் பழகிப்போச்சு. இங்க பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது. மாசம் ஒருக்கா படகு வரும். தாளைப் பிரிச்சா சிவப்புல இருபது வட்டம். சரி, ஒருத்தர் ஒரு நாள் விடாம நாம எழுதினதைப் படிக்கிறாங்கன்னு ஒரு தெம்பு. சண்டைக்காரி ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி இல்லையா? தப்பா எடுத்துக்காதீங்க."

"சொன்னதுல தப்பு ஒண்ணுமில்லை," என்றார் அம்மையார். "நிலையத்தை மூடறதா இருக்கு. என் வட்டங்கள்தான் காரணம். வெள்ளிக்கிழமை நான் உண்மையைச் சொல்லப்போறேன். ஆனா நான் சொல்லி நடக்கும்னு உறுதி கிடையாது."

"படகுக்காரர் சொன்னார், ஸ்டோர்ல போடுவாங்களாமே. நட்டு போல்ட்டு எண்ணணும். அதுங்களும் நகராது." குரல் கொஞ்சம் இறங்கியது. "கரையில எனக்கு யாரு இருக்கா மேடம்? இங்கயும் யாரும் இல்லதான். ஆனா இங்க இல்லாதது பழகிடுச்சு."

மன்னிப்பு என்ற சொல்லை அம்மையார் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தபோது, காற்றுமானியைப் பார்க்க நேரமாகிவிட்டதென்று தீவுக்காரர் விடைபெற்றுக்கொண்டார். ஒழுங்கான மனிதர், வேலை நேரத்தில் பேச்சை நீட்டுவதில்லை. அம்மையார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் சரியாகத்தான் இருந்தது. காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

மார்ச் இருபத்துநான்காம் நாள், வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கூட்டம் கூடியது. அம்மையாரின் அறிக்கை பதினான்கு பக்கம். முதல் பக்கத்தின் முதல் வாக்கியம்: "இந்த அலுவலகம் தீவு நிலையத்தின்மேல் ஏற்றிய 1,906 பிற்பகல் தவறுகளும் என்னுடையவை." அவர் அதை வாசித்தார். நாற்பது படங்களையும் மேசைமேல் பரப்பினார். மருத்துவச் சீட்டையும் வைத்தார்.

இயக்குநர் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் கீழே வைக்கவில்லை. "மேடம், இதை ஏத்துக்கிட்டா முதல் பக்கத்துல உங்க பேரைப் போட முடியாதே."

"திருத்தப் பக்கத்துல போடுங்க சார். பிழையில்லாமப் போடுங்க."

மேலிடத்திலிருந்து வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சரி, விதியைத் திருத்திட்டா இனிமே மேலயும் கீழயும் ஒத்துப்போகும். ஒத்துப்போற ஆளுக்கு எதுக்கு ஒரு படகு? அப்பவும் மூடலாம்தானே?"

இந்தக் கேள்வியை அம்மையார் எதிர்பார்த்திருந்தார். "இயந்திரம் தப்பாப் பாத்துது. நானும் தப்பாப் பாத்தேன். ரெண்டு பேரும் ஒத்துப்போனோம். தனியா நின்னு சரியாச் சொன்னது கீழ இருந்த ஒருத்தர்தான். அவரை எடுத்துட்டா அடுத்த தப்பை யார் சொல்லுவா? அதையும் ஒன்பது வருஷம் கழிச்சு இன்னொரு கிழவி வந்து கண்டுபிடிக்கணுமா?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த கணினிக்காரர் இருமுவதுபோல் சிரித்தார். மேலிடத்துக்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

கடைசியாக அம்மையார் இன்னொன்று கேட்டார். வட்டம் இல்லாவிட்டாலும் மாதத் தாள் தீவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றார்.

"திருத்தமே இல்லாத தாளை எதுக்கு மேடம் திருப்பி அனுப்பணும்?" என்றார் இயக்குநர்.

"படிச்சோம்னு தெரியறதுக்கு."

அன்று முடிவானவை இவை. நிலத்திரை விதி அன்றே நீக்கப்படும். 1,906 பதிவுகளும் தீவுக்காரர் எழுதிய எண்ணுக்கே மாற்றப்படும். அட்டவணை, திருத்தம் முடிந்த பிறகே அச்சுக்குப் போகும். அதில் ஆசிரியர் பெயர் இராது. திருத்தப் பக்கத்தில், தவறான விதியை எழுதியவர் என்று அம்மையாரின் பெயர் இருக்கும். பழைய பாராட்டுக் கடிதம் திரும்பப் பெறப்படும். தீவு நிலையம் மூன்று ஆண்டுக்கு நீடிக்கும். பிறகு மறுபடி ஆராயப்படும். தீவுக்காரர் விரும்பினால் அங்கேயே இருக்கலாம். முடிவு உடனே தீவுக்குத் தெரிவிக்கப்பட்டது; அன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு வந்த செய்தியில், எட்டில் ஒன்று என்பதற்குப் பின்னால், "இருக்கிறேன்" என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. மாதத் தாள் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பப்படும். மார்ச் மாதத் தாளில் அம்மையார் கையொப்பமிடுவார். ஏப்ரல் முதல் கணினிப் பிரிவு இடும், ஏனெனில் அம்மையாரின் இடத்துக்கு ஆள் நியமிக்கப்படவில்லை. அவர் முப்பத்தோராம் நாள், முன்பே குறித்தபடி, ஓய்வு பெறுவார். ஓய்வுக்குப் பின் பிற்பகல் படத்தை நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போக அனுமதி வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார். வெளியாருக்கு அதற்கு இடமில்லை என்று முடிவாயிற்று.